கத்தாத எருமையும் இருபத்தொரு நாளும்

மாட்டாஸ்பத்திரியின் தகரக் கூரையில் சாரல் விழுந்தால் வாணலியில் கடுகு பொரிகிற மாதிரிக் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அடியில், எருமைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னும் பின்னும் ஏழெட்டு ஆண்கள். ஒருவர் காளையின் குளம்பைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஆட்டைத் தோளில் போட்டிருந்தார். பெண் என்று நான் ஒருத்திதான்.

கம்பவுண்டர் அண்ணாச்சி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"என்ன தாயி, எருமைக்கு என்ன செய்யுது?"

சொல் எல்லாம் வாயில் தயாராகத்தான் இருந்தது. இலத்தூரிலிருந்து நடந்துவந்த வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்திருந்தேன். எருமை பருவத்துக்கு வந்திருக்கு, சினை ஊசி போடணும். ஆறே சொல். அதைக் கேட்க அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"வயிறு சரியில்ல அண்ணாச்சி."

"கழியுதா, உப்பியிருக்கா?"

"ஆமா."

"எது ஆமா?"

"ரெண்டும்."

காளைக்காரர் சிரித்துவிட்டார். "ரெண்டும் ஒண்ணா வந்தா அது எருமை இல்ல தாயி, எங்க மச்சான்!"

கம்பவுண்டர் அண்ணாச்சி மூங்கில் குழாயில் எண்ணெய் மருந்தை ஊற்றி, சுருட்டியின் தாடையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினார். சுருட்டி என்பது எருமையின் பெயர். இரண்டு கொம்பும் சுருண்டு காதைத் தொடும். மருந்து முழுதும் இறங்கிய பிறகு அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். சாரல் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஏசி பெட்டிக்குப் பின்னால்

எழுதச் சொல்லி மகள் நோட்டு வாங்கிக் கொடுத்தபோதே ஒன்று சொல்லிவிட்டேன், கூச்சமான சங்கதி எதையும் எழுத மாட்டேன் என்று. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதுவதே எனக்குக் கூச்சம். இந்த வாரம் அந்தப் பேச்சை நானே மீறுகிறேன். அதற்குக் காரணம் ஒரு புறா.

தென்காசியில் மகள் வீட்டு மாடியில், ஏசி பெட்டிக்குப் பின்னால் அது இரண்டு முட்டை இட்டிருக்கிறது. கூடு என்று பேர். நாலு குச்சி, ஒரு துண்டு வயர், ஒரு ஐஸ்கிரீம் கரண்டி. பெட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஆள் வருவதாக இருந்தது.

"எப்பம்மா பொரிக்கும்?" என்றாள் மகள்.

"பதினெட்டு நாள். இன்னும் ஒரு வாரம் பொறு."

"இதெல்லாம் எப்படி விரல்நுனியில வச்சிருக்க?"

புறாவில் ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். பகலுக்கு ஆண், மற்ற நேரத்துக்குப் பெண். குஞ்சுக்குத் தொண்டைப் பையிலிருந்து பால் மாதிரி ஒன்றைக் கக்கிக் கொடுக்கும், இரண்டும் கொடுக்கும். அப்பனும் பால் கொடுக்கிற சாதி அது. இதை மகளிடம் சொன்னேன். ஆள் வருவதை அவள் தள்ளிப்போட்டாள். ஆனால் நாள் கணக்கு எனக்கு எப்படி வந்தது என்று அவள் கேட்டாளே, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இதோ இப்போது சொல்கிறேன்.

பசு வீடும் எருமை வீடும்

நான் பிறந்தது வாசுதேவநல்லூர். எங்கள் வீடு எருமை வீடு. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து சாணி அள்ளுவதும் எருமை குளிப்பாட்டுவதும் என் வேலை. கல்யாணமாகி இலத்தூருக்கு வந்தேன். அது பசு வீடு. அப்பா கல்யாணச் சீராகக் கன்றும் எருமையுமாகச் சுருட்டியை அனுப்பிவைத்தார்.

வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். லீவு முடிந்து வடக்கே போய்விட்டார். வீட்டில் அத்தையும் நானும், இரண்டு பசுக்களும், சுருட்டியும். அத்தை என்றால் மாமியார்.

அத்தைக்குக் கணீரென்ற குரல். அவர் வளர்த்த பசுக்களுக்கும் அப்படித்தான். பசு பருவத்துக்கு வந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். தண்ணீர் குடிக்காது, தீனி எடுக்காது, கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும். "எங்க வீட்டு லெச்சுமி கத்துதா!" என்று அத்தை வாசலில் நின்று அறிவிப்பார். உடனே ஊசி போடக் கொண்டுபோவார்கள்.

எருமை அப்படிக் கத்தாது.

எருமைக்கு எல்லாம் விடியுமுன் நடக்கும். ஒன்றுக்குப் போனால் ஒரேயடியாகப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துத் தடவை போகும். வாலை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு நிற்கும். வாலுக்கு அடியில் கண்ணாடி நூல் மாதிரி ஒரு வழுவழுப்பு தெரியும். அதை இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. வெயில் ஏறினால் அடையாளமெல்லாம் அடங்கிவிடும். ஒன்றுமே நடக்காதது போல அசைபோட்டுக்கொண்டு படுத்துவிடும். ஆடி, ஆவணிக் குளிர்ச்சியில் அடையாளம் கொஞ்சம் நன்றாகத் தெரியும். கோடையில் அதுவும் கிடையாது.

பசு வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது. சுருட்டி கன்றை மறந்து, பால் வற்றி, ஒரு வருஷமாகிவிட்டது. அத்தை காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்.

"கத்தட்டும்ட்டி. கத்துன அன்னைக்கே கொண்டுட்டுப் போயிருவோம்."

நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் சொல்ல வாய் வரவில்லை. புதுசாக வந்த மருமகள், புருஷன் ஊரில் இல்லாதவள், காலங்காத்தாலே மாமியாரிடம் போய் இதைச் சொல்வதா? நான் எதை மனதில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் உற்றுப் பார்க்கிறேன் என்று நினைக்க மாட்டாரா?

ஆடி பிறந்ததும் தரகர் அண்ணாச்சி வந்தார். புளியரை தாண்டிக் கேரளத்துக்கு அடிமாடு ஓட்டுகிறவர். சுருட்டியைச் சுற்றிவந்து முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"ஆச்சி, இது மலடாயிட்டு. இனி தீனிக்குத்தான் கேடு."

அத்தை குனிந்து சுருட்டியின் மடியைப் பார்த்தார். பிறகு, "ஆவணி அஞ்சு தேதி போல வாரும். அதுக்குள்ள கத்துனா சரி, இல்லன்னா ஓட்டிட்டுப் போயிரும்" என்றார்.

அந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள் சுருட்டிதான். எங்கள் ஊர் மண்ணில் புரண்ட உடம்பு அது. அதைப் புளியரைக்கு அந்தப் பக்கம் அனுப்பப்போகிறார்கள்.

ஆடி நடுவில் நாலாவது தடவையாக அடையாளம் கண்டேன். வயிறு சரியில்லை என்று அத்தையிடமும் பொய் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். போய் நான் வாங்கிவந்தது என்ன என்பதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

பதினொரு முட்டை

எருமைக்கு ஒரு முறை தவறினால் அடுத்தது இருபத்தொரு நாள் கழித்து. எண்ணிப் பார்த்தேன். தரகர் வருகிற நாளை ஒட்டித்தான் வந்தது.

அந்த நாளை எப்படிக் குறித்துவைப்பது? நாள் கிழிக்கிற காலண்டர் முன்கட்டில் தொங்கியது. அதில் ஒரு பெண் பென்சிலால் புள்ளி வைத்தால் அதற்கு வீடுகளில் ஒரே அர்த்தம்தான். அத்தை கேட்டால் என் உயிர் போய்விடும்.

அன்று மாலை வீட்டுச் சாம்பல் கோழி அடைக்கு உட்கார்ந்து கொக்கரித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று புத்தி வந்தது. கோழிக்கும் இருபத்தொரு நாள்தான்! கோழியை இன்றைக்கு அடை வைத்தால், குஞ்சு வெளியே வருகிற அன்று சுருட்டிக்கும் நாள். காலண்டர் வேண்டாம்.

பழைய நார்ப்பெட்டியில் சாம்பலும் வைக்கோலும் போட்டேன். முட்டை ஒற்றைப்படையில் வைக்கவேண்டும், பதினொன்று வைத்தேன். இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க ஓர் ஆணியும் ஒரு கரித்துண்டும் ஓரத்தில் போட்டேன்.

"சாரல்ல அடை வைக்கா பாரு! ஈரம் ஏறி அம்புட்டும் கூமுட்டையாப் போகப்போகுது" என்றார் அத்தை. பிறகு, பார்க்க வந்த தன் தங்கையிடம் சொல்வது கேட்டது: "அடைக்கோழியே அடை வைக்கு. இவளும் அதே மாதிரித்தான மூலையில இருக்கா."

கோழி எனக்குப் பிடித்துப்போனது. நாளுக்கு ஒரு தடவை இறங்கும். அவசர அவசரமாக நாலு வாய் தின்று, தண்ணீர் குடித்து, புழுதியில் புரண்டு, சூடு ஆறுமுன் ஓடிவந்து ஏறிக்கொள்ளும். முட்டைக்குத் தன் தோலின் சூடு படவேண்டும் என்று அதன் வயிற்றில் இறகு உதிர்ந்து இடம் விட்டிருக்கும். மூக்கால் முட்டைகளைப் புரட்டிவிட்டுக்கொண்டே இருக்கும். தரகர் எப்போது வருவார் என்று அதற்கு ஒரு கவலையும் இல்லை.

தொட்டியில் நுரை

அந்த நாட்களில் எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. மாடு தண்ணீர் குடிக்கும் சிமெண்டுத் தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, வெள்ளையாக ஒரு கை நுரை ஒட்டியிருந்தது.

"துணி தொவைச்ச சோப்பை இங்கனயா அப்பி வைப்பாங்க?" என்று அத்தை அதை வழித்து எறிந்தார். நான் சோப்பு அப்பவில்லை. இரண்டு நாளில் இன்னொரு இடத்தில் நுரை. இதை மட்டும் அத்தை கண்ணில் படாமல் வைக்கோல் செருகி மறைத்துவைத்தேன். நாலைந்து நாள் கழித்து ஒரு மழையில் அது கரைந்தது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தவளைக் குஞ்சுகள் தண்ணீருக்குள் விழுந்தன. மேலே நுரைக்குள் முட்டை, கீழே தண்ணீருக்குள் வாழ்க்கை. மீன் தின்னாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு.

வயல் நண்டு வேறு விதம். அதன் வயிற்றில் ஒரு மூடி இருக்கிறதல்லவா, அதற்குள் கடுகு கடுகாகக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு திரியும். சின்ன வயதில் ஒரு நண்டைப் பிடித்து மூடியைத் திறந்து, உள்ளங்கை முழுக்க ஊர்ந்ததும் அலறிக்கொண்டு வரப்பில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

தவளை இரைந்துதான் துணை தேடும். இலத்தூர்க் குளத்தங்கரையில் மயில் அகவும், தோகை விரிக்கும். பசு கத்தும். சத்தம் போடுகிறவர்களுக்கு ஊரே வழி விடுகிறது. சத்தம் போடாததும் கருத்தரிக்கத்தானே பிறந்திருக்கிறது?

அருவிக்குள்

அடை வைத்துப் பத்தாம் நாளோ என்னவோ, ஆடி அமாவாசை. அத்தை என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்.

பெரிய அருவிப் பக்கம் ஒரு குரங்கு யாரோ வைத்த வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு சுவரிலிருந்து கூரைக்குத் தாவியது. அதன் வயிற்றில் ஒரு குட்டி தலைகீழாகத் தொங்கியது.

"பாத்தியாட்டி, தாய் அதைப் பிடிக்கவே இல்ல" என்றார் அத்தை. "குட்டிதான் இறுக்கிப் பிடிச்சிக்கிடணும். பூனைன்னா தாய் வாயில கவ்வி ஏழு வீடு மாத்தும். குரங்குகிட்ட அது நடக்காது. பிடியை விட்டா போச்சு."

பெண்கள் பக்கம் போய் அருவிக்குள் தலையைக் கொடுத்தேன். தண்ணீர் விழுகிற இரைச்சலில் நம் மூச்சே நமக்குக் கேட்காது. அப்போது எனக்கு ஒரு தைரியம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சொன்னேன்: "அத்தை, எருமை பருவத்துக்கு வந்திருக்கு! சினை ஊசி போடணும்!"

இன்னொரு தடவை. இன்னும் சத்தமாக இன்னொரு தடவை.

பக்கத்தில் நின்ற பெண் என் தோளைத் தட்டினாள். "என்னம்மா சொன்னீங்க?"

"தண்ணி குளிருது" என்றேன்.

"கயித்த அவுத்துட்டு வா"

இருபதாம் நாள் மாலை முட்டையைக் காதில் வைத்துப் பார்த்தேன். ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம். வெளியே வருமுன்னே தாயோடு பேசுகின்றன. கோழியும் தொண்டைக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியுமுன் மூன்று குஞ்சுகள் ஈரத்தோடு வெளியே. நான் தொழுவத்துக்கு ஓடினேன். சுருட்டி வாலை ஒதுக்கிக்கொண்டு நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துத் தடவை. எல்லா அடையாளமும் இருந்தது.

சூரியன் ஏறுவதற்குள் தரகரும் வந்துவிட்டார். தோளில் புதுக் கயிறு. விற்கிற மாட்டோடு நம் வீட்டுக் கயிறு போகக்கூடாது. வாங்குகிறவர்தான் கயிறு கொண்டுவர வேண்டும். அத்தை அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஏட்டி, போய் நம்ம கயித்த அவுத்துட்டு வா."

நான் தொழுவத்துக்குப் போனேன். முடிச்சில் கை வைத்தேன். சாரலில் நனைந்து கயிறு இறுகியிருந்தது. அவிழ்க்காமல் திரும்பி வந்தேன்.

"அத்தை."

"என்னட்டி, முடிச்சு வரலையா?"

"எருமைக்கு இன்னைக்கு நாளு."

"என்ன நாளு?"

"பருவம். ஊசி போடணும்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கத்தலையேட்டி?"

"கத்தாது. எருமை கத்தாது அத்தை. விடியக்காலம் வந்து பாத்தாத்தான் தெரியும். நான் அஞ்சு தடவை பாத்துட்டேன்."

தரகர் டம்ளரைக் கீழே வைத்துச் சிரித்தார். "ஆச்சி, ஒங்க மருமவளுக்கு வாய் இருக்கா! இத்தனை நாளு ஊமைன்னுல்லா நெனச்சேன்."

எனக்குத் தரை பிளந்தால் நல்லது என்று இருந்தது. ஆனால் அத்தை அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீரு காப்பியக் குடியும்."

தொழுவத்துக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அஞ்சு தடவையாட்டி?"

தலையாட்டினேன்.

"ஏன்ட்டி சொல்லல?"

"கூச்சமா இருந்துச்சு."

"மாட்டுக்கு வாரதுக்கு ஒனக்கு என்னட்டி கூச்சம்?" என்று கத்தினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

தரகர் சிரிக்கவில்லை. "இன்னும் இருபத்தொரு நாள் பாப்பேன் ஆச்சி. அன்னைக்கும் இதே மாதிரி வந்துச்சுன்னா ஊசி நிக்கலன்னு அர்த்தம். அப்புறம் என்னை நிறுத்தக்கூடாது."

"சரி" என்றார் அத்தை. வாக்குக் கொடுத்தால் அவர் மாற மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

காலையில் அடையாளம் கண்டால் மாலையில் ஊசி போடவேண்டும். மாலையில் இருவரும் சுருட்டியை ஓட்டிக்கொண்டு போனோம். கம்பவுண்டர் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"கழிச்சலும் உப்பசமும் ஒண்ணா வந்த எருமையில்லா இது? இன்னைக்கு என்ன தாயி?"

அத்தை முழங்கையால் என் இடுப்பில் ஓர் இடி இடித்தார். "சொல்லுட்டி."

எட்டுப் பத்து ஆண்கள் நின்றார்கள். நான் ஆறு சொல்லையும் சொன்னேன். கூரையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவியைவிடச் சின்னச் சத்தம்தான். எல்லோருக்கும் கேட்டது.

மறுபடியும் இருபத்தொன்று

பதினொன்றில் ஒன்பது குஞ்சு பொரித்தது. ஒன்றைப் பருந்து கொண்டுபோயிற்று. மிச்சம் எட்டுக்கும் இறக்கையில் இறகு முளைத்து, தாய்க்குப் பின்னால் தொழுவம் முழுக்கக் கிளறிக்கொண்டு திரிந்தன. இந்த முறை காலண்டரில் அத்தையே கரித்துண்டால் பெரிதாக ஒரு வட்டம் போட்டிருந்தார். யார் கேட்டாலும், "எருமைக்குப் போட்டிருக்கு" என்று சத்தமாகச் சொன்னார்.

அந்த நாள் விடியுமுன் எழுந்தேன். தொழுவத்தில் விளக்கு தெரிந்தது. எனக்கு முன்னாலேயே அத்தை வந்து, கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து சுருட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கத்துவதைக் கேட்க ஒரு வருஷம் காது கொடுத்திருந்தவர், அன்று கண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். வால் தொங்கலாகக் கிடந்தது. ஒன்றுக்கு ஒரே தடவைதான் போனது, நீளமாக. வைக்கோலை இழுத்து நிதானமாக மென்றது. வெளுக்கும்வரை நின்றோம்.

"என்னட்டி, ஏதும் சொல்லுதா?"

"ஒண்ணும் சொல்லல அத்தை."

அத்தை எழுந்து கொடியிலிருந்து பழந்துணியை எடுத்தார். ஒரு பசுவுக்கும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. சாரலில் நனைந்திருந்த சுருட்டியின் முதுகைக் கழுத்திலிருந்து வால்வரை துடைத்தார்.

"பசுன்னா ஒம்பது மாசம். இதுக்கு எத்தனைட்டி?"

"பத்து மாசமும் கொஞ்ச நாளும்."

"கூடக் கொஞ்சம் பொறுக்கணும், அவ்வளவுதான" என்றார்.

வெயில் வந்ததும் வாசலில் தரகரின் குரல் கேட்டது. அத்தை துணியை என் கையில் கொடுத்தார்.

"ஏட்டி, நீ போய்ச் சொல்லு."